அனன்சேயும் ஞானக் குடுக்கையும்: பிள்ளைகள் கூட்டத்தில் சொல்ல எப்படிக் கட்டுவது?

பனையோலை:
கானா நாட்டு அக்கான் மக்களின் அனன்சே கதைகளில் ஒன்றை 8 முதல் 10 வயதுப் பிள்ளைகள் 25 பேருக்கு வாய்மொழியாகச் சொல்ல வேண்டும். 20 நிமிடம். நூலக அறை. மேடை, ஒலிபெருக்கி எதுவும் கிடையாது.

கதை தெரியாதவர்களுக்காக: சிலந்தியான அனன்சே உலகத்து ஞானத்தை எல்லாம் கூட்டி அள்ளி ஒரு சுரைக்குடுக்கையில் அடைக்கிறான். யாருக்கும் எட்டாதபடி மரத்தின் உச்சியில் தொங்கவிடக் கிளம்புகிறான். கயிறு கட்டி வயிற்றுப் பக்கம் தொங்கவிட்டபடி ஏறப் பார்க்கிறான், முடியவில்லை. கீழே நிற்கும் மகன் ந்திக்குமா, "முதுகுப் பக்கம் திருப்பிக் கட்டிக்கொண்டால் ஏறலாமே அப்பா" என்கிறான். அப்படியே செய்து உச்சிக்குப் போன பிறகுதான் உறைக்கிறது: எல்லா ஞானமும் என் குடுக்கையில் என்றால் இந்தப் பொடியனுக்கு இது எப்படித் தெரிந்தது? ஆத்திரத்தில் குடுக்கையை வீசி எறிகிறான். சிதறியதை ஊரார் ஓடிவந்து பொறுக்கிக்கொள்கிறார்கள்.

மழை பெய்து ஞானத்தை ஆற்றுக்கும் கடலுக்கும் அடித்துப் போவதாக இன்னொரு வடிவமும் இருக்கிறது. எதை எடுப்பது? ஏறும் இடத்தை எப்படி நடித்துக் காட்டுவது? குடுக்கைக்கு என்ன செய்யலாம்? கடைசியில் பணிவைப் பற்றி ஒரு வரி சொல்லி முடிக்கலாமா?

நூலடுக்கு:
வடிவம் பற்றி மட்டும் நான் சொல்கிறேன். அச்சில் உள்ளவற்றில் ரேட்ரே 1930இல் வெளியிட்ட அசாந்தே (அக்கான் மக்களில் ஒரு பிரிவினர்) கதைத் தொகுப்பை அடிப்படையாக வைத்துக்கொள்ளுங்கள். கோல்ட் கோஸ்ட் அரசில் மானிடவியலாளராக இருந்தவர் அவர் (அந்த நாடுதான் 1957இல் விடுதலை பெற்று கானா ஆனது). அந்த மக்களின் ட்வி மொழி மூலத்தையும் சேர்த்தே அச்சிட்டார். அதில் மழை, ஆறு, கடல் எதுவும் இல்லை. குடுக்கை விழுகிறது, எல்லோரும் ஓடி வருகிறார்கள், ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக்கொள்கிறார்கள். நேரத்தோடு போகாதவன்தான் முட்டாள். அந்த வார்த்தையைச் சொல்லும்போதே கதைசொல்லி சபையிடம் மன்னிப்பும் கேட்டுக்கொள்கிறார்.

மழை வடிவம் சிறுவர் புத்தகங்களில் பரவலாக இருக்கிறது, தவறென்று சொல்ல மாட்டேன். ஆனால் அதில் வேலை முழுவதையும் மழை செய்துவிடுகிறது. பழைய வடிவத்தில் மனிதர்கள் ஓடிவந்து குனிந்து பொறுக்க வேண்டும். 25 பிள்ளைகளை வைத்துக்கொண்டு சொல்பவருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

சில மறுகூறல்களில் அனன்சே தடுமாறி, குடுக்கை கைநழுவி விழுகிறது. அதைத் தொடவே வேண்டாம். நழுவினால் அது விபத்து, யார் மேலும் பொறுப்பு இல்லை. அவனே எறிந்தால்தான் கதை அவனுடையது.

நைஜீரியாவின் யொரூபா மக்களிடம் இதே கதை இஜாபா என்ற ஆமையின் பெயரில் வழங்குகிறது. அங்கே யோசனை சொல்பவர் யார் என்பது ஒவ்வொருவர் சொல்லும்போதும் மாறும். சிலந்தியையும் ஆமையையும் கலந்துவிடாதீர்கள். "ஆப்பிரிக்கக் கதை" என்று பொத்தாம்பொதுவாகத் தொடங்காமல் வரைபடத்தில் கானாவையும் அசாந்தே மக்களின் குமாசி நகரையும் தொட்டுக் காட்டுங்கள். அரை நிமிட வேலை.

களரி:
பனையோலை அக்கா, ஏறும் இடத்துக்குக் கண்ணாடி முன் நின்று பயிற்சி எடுக்காமல் போகாதீங்க. இந்தக் கதை சொதப்புவது பெரும்பாலும் அங்கேதான். "ஏறினான், முடியல, மறுபடி ஏறினான், முடியல" என்று வாயால் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். ஏன் முடியல என்று பிள்ளைகளுக்குக் கண்ணில் தெரியாது. தெரியாவிட்டால் மகன் சொல்லும் யோசனைக்கு மதிப்பே இல்லை.

முதலில் காரணத்தை நீங்கள் உடம்பில் புரிந்துகொள்ள வேண்டும். மரம் ஏறுகிறவனின் நெஞ்சும் வயிறும் மரத்தை ஒட்டி இருக்கணும். அப்போதுதான் எடை காலில் இறங்கும். நடுவில் ஒரு குடுக்கை வந்தால் உடம்பு மரத்தை விட்டு ஒரு சாண் தள்ளிப் போகும், எடை பின்னால் இழுக்கும், மரத்தைக் கட்டிப்பிடிக்கக் கை எட்டாது. மேலே தூக்கும் முழங்கால் வேறு குடுக்கையில் போய் முட்டும். நம்மூர்ப் பனையேறிகளின் அருவாப்பெட்டி முன்பக்கம் தொங்காததற்கும் இதே காரணம்தான்.

செய்முறை. 3 மீட்டர் பருத்திக் கயிறு எடுங்க. நைலான் வழுக்கும், முடிச்சு அவிழும். குடுக்கையின் கழுத்தில் ஒரு சுற்று, உங்கள் இடுப்பில் ஒரு சுற்று, முன்பக்கம் சுருக்கு முடிச்சு. மரத்துக்கு எதுவும் வேண்டாம், உங்கள் எதிரே காற்றில் ஒரு தூணைக் கட்டிப்பிடிப்பதாக வைத்துக்கொள்ளுங்க. அந்தத் தூணின் பருமன் கதை முடியும்வரை மாறக் கூடாது. ஒரு தடவை குறுகி ஒரு தடவை விரிந்தால் பிள்ளைகள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

மூன்று முயற்சி போதும். முதலாவது நிதானமாக, நம்பிக்கையோடு. கை எட்டாமல் சறுக்கணும். இரண்டாவது வேகமாக, முழங்கால் முட்டணும். மூன்றாவதில் மூச்சு வாங்க, கோபத்தோடு. நான்காவது வைத்தால் சிரிப்பு அடங்கிவிடும். மூன்றாவது முடிந்ததும் ஒரு சின்ன இடைவெளி, நாலு வினாடி எதுவும் பேசாதீங்க. பிறகு மண்டியிட்டு, மேலே பார்த்து, மகன்.

மகனுக்குக் கீச்சுக்குரல் வேண்டவே வேண்டாம். சாதாரணக் குரல், தெளிவான ஒரு வாக்கியம். கீச்சிட்டால் அவன் கோமாளியாகிவிடுவான், அவன் சொல்வதும் வேடிக்கையாகிவிடும்.

வேர்க்கடலை:
"சிலந்திதானே, நூல் விட்டு ஏற வேண்டியதுதானே" என்று ஒரு பிள்ளையாவது கேட்கும். என்ன சொல்வது?

நூலடுக்கு:
எட்டுக் கால், வலை என்று ஆரம்பத்தில் வர்ணித்தால்தான் அந்தக் கேள்வி வரும். அக்கான் கதைகளில் அனன்சே ஆளாகவும் இருக்கிறான், சிலந்தியாகவும் இருக்கிறான். அவனுக்கு வீடு உண்டு, மனைவி அசோ, பிள்ளைகள் நால்வர். மூத்தவன் ந்திக்குமா. மற்ற மூவரின் பெயர்களும் பெரிய தலை, மெலிந்த கால், வெடிக்கப் போகும் வயிறு என்ற பொருளில் இருக்கும். "அனன்சே என்று ஒருத்தன், சிலந்தி, பெண்டாட்டி பிள்ளைகளோடு இருந்தான்" என்று ஒரே மூச்சில் சொல்லிக் கடந்துவிடுங்கள், பிள்ளைகள் ஏற்றுக்கொள்வார்கள். அப்படியும் கேட்டால், "குடுக்கையோட எடைக்கு நூல் அறுந்திடும்" என்று ஒரு வரி போதும்.

களரி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். பழைய வடிவத்தில் மகன் சொன்னதும் அனன்சே கேட்டுவிடுவதில்லை. திட்டி விரட்டுகிறான். மறுபடியும் பழையபடியே ஏறிப் பார்த்துத் தோற்கிறான். பிறகு வெகுநேரம் யோசித்துவிட்டுத்தான் குடுக்கையை முதுகுக்குத் திருப்புகிறான். ஆகவே உங்கள் மூன்று முயற்சிகளில் மூன்றாவதை மகன் பேசியதற்குப் பிறகு வையுங்கள். சரியான யோசனை காதில் விழுந்த பிறகும் தவறான வழியில் ஒருவன் ஏறுவதைப் பிள்ளைகள் பார்க்க வேண்டும்.

களரி:
ஆமாம், இது நான் சொன்னதைவிட நல்ல அடுக்கு. அப்படியானால் மௌனத்தையும் மூன்றாவதுக்கு அப்புறம் தள்ளிடுங்க அக்கா. மகன் பேசும்போது மௌனம் வேண்டாம், அப்பா ஏறிக்கொண்டிருக்கும்போதே அவன் குறுக்கே பேசட்டும்.

சுரைக்கொடி:
குடுக்கை பற்றி. மண்பானை வேண்டாம், விழுந்தால் சில்லு தெறிக்கும். காய்ந்த சுரைக்குடுக்கைதான் சரி. கதையிலும் அதுதான் இருக்கிறது, எடையும் மிகக் குறைவு.

கையில் இல்லை என்றால் இப்போதே ஏற்பாடு செய்யணும், காயவே மாதக்கணக்கில் ஆகும். சமையலுக்குப் பறிக்கும் பிஞ்சு உதவாது, சுருங்கி அழுகிவிடும். கொடியிலேயே முற்றி, காம்பு பழுப்பாகி, நகம் பதியாத அளவு தோல் இறுகியிருக்க வேண்டும். காம்பில் 5 சென்டிமீட்டராவது விட்டு அறுங்க. காம்பை ஒட்ட வெட்டினால் அந்த வழியாகவே அழுகல் இறங்கும். சோப்புத் தண்ணீரில் கழுவி, நிழலில், காற்று புகும் இடத்தில், ஒன்றோடு ஒன்று தொடாமல் வையுங்க. வாரம் ஒருமுறை புரட்டணும். வெளியே பூஞ்சணம் பூப்பது இயல்பு, துடைத்தால் போதும். அழுத்தினால் அமுங்கும் இடம் இருந்தால் அது தேறாது, தூக்கிப் போட்டுவிடலாம். சின்னதுக்கு ஓரிரு மாதம், பெரிதுக்கு ஆறு மாதம்வரைகூட ஆகும். குலுக்கினால் உள்ளே விதை சலசலக்கணும், அதுதான் கணக்கு.

பிறகு வெந்நீரில் நனைத்து, மேல்தோலைத் தேங்காய் நாரால் தேய்த்தால் போய்விடும். கழுத்துக்குக் கீழே கை நுழையும் அளவு வட்டமாக, மெல்லிய பல் உள்ள ரம்பத்தால் அறுங்க. உள்ளே சுரண்டும்போது மூக்கையும் வாயையும் கட்டாயம் மூடிக்கொள்ளணும். அந்தத் தூள் தொண்டையைப் பிடிக்கும், இருமல் லேசில் நிற்காது.

நேரம் இல்லை என்றால் பலூன்மேல் செய்தித்தாளும் மைதாப் பசையும் ஐந்து அடுக்கு. ஒவ்வொரு அடுக்கும் காய்ந்த பிறகே அடுத்தது. அவசரப்பட்டால் உள்ளே ஈரம் நின்று நாறும்.

அறவழி:
எல்லாம் நன்றாக இருக்கிறது. ஆனால் இது பணிவைப் பற்றிய கதை. கடைசியில் அனன்சே இறங்கி வந்து மகனைக் கட்டிக்கொண்டு "நீதான் எனக்குக் கற்றுக்கொடுத்தாய்" என்று சொல்வதாக முடித்தால் பிள்ளைகள் மனத்தில் நிற்கும். பஞ்சதந்திரத்தில் நீதி தெளிவாக இருக்கிறதே, இங்கேயும் வைத்தால் என்ன குறைந்துவிடும்?

நூலடுக்கு:
அறவழி ஐயா, உங்கள் அக்கறை புரிகிறது. இருந்தாலும் அந்த முடிவை வைக்க வேண்டாம் என்று அழுத்தமாகவே சொல்வேன்.

முதல் காரணம், கதையின் கட்டுமானம் உடைகிறது. ஞானம் ஊருக்குக் கிடைத்தது அனன்சே திருந்தியதால் அல்ல, அவன் திருந்தாததால். ஒரு சிறுவன் தன்னைவிட ஒன்று கூடுதலாக அறிந்திருப்பதைத் தாங்க முடியாமல்தான் அவன் எறிகிறான். அவனை மன்னிப்புக் கேட்க வைத்தால், குடுக்கையைப் பத்திரமாகக் கீழே கொண்டுவந்து பங்கு போட்டிருப்பான். அப்புறம் அது ஏன் சிதறுகிறது? அவனுடைய இந்தக் கோபம்தான் நமக்கெல்லாம் பங்கு கொடுத்தது.

இரண்டாவது, அக்கான் மக்கள் அனன்சேயை அறிவிலி என்று நினைப்பதில்லை. தலைவரின் சார்பில் சபையில் பேசுபவருக்கு ஒக்யேமே என்று பெயர். அவர் கையில் பொன் தகடு போர்த்திய மரக்கோல் இருக்கும், அதன் உச்சியில் ஒரு பழமொழியைக் குறிக்கும் சிற்பம் இருக்கும். அவற்றில் ஒன்று சிலந்தியும் வலையும். அனன்சேயின் வீட்டுக்குப் போய் அவனுக்கே ஞானம் கற்பிக்கிறவர் யாரும் இல்லை என்பது அதன் பழமொழி. அதே மக்கள்தான் சொந்த வீட்டிலேயே அவன் பெற்ற பிள்ளை அவனுக்கு ஞானம் கற்பித்த கதையையும் சொல்கிறார்கள். இரண்டையும் ஒன்றாகப் பிடித்துக்கொண்டால்தான் இந்தக் கதையின் வீச்சு தெரியும். அவன் உண்மையிலேயே பெரிய அறிவாளி. அறிவாளிக்கு நேர்ந்தது என்பதால்தான் அடி பலமாக விழுகிறது. அசட்டுச் சிலந்தியாக ஆரம்பத்திலிருந்தே காட்டினால் மகன் சொல்வதில் யாருக்கும் வியப்பு இருக்காது.

இன்னொரு பெரிய கதையையும் பாருங்கள். வானத்துக் கடவுள் ந்யாமேயிடமிருந்து கதைகளை எல்லாம் அனன்சே விலைக்கு வாங்குவது. மலைப்பாம்பு, சிறுத்தை, குளவிகள், காட்டுக் குட்டிப்பேய் ஆகியவற்றைப் பிடித்துக் கொடுப்பதுதான் விலை. பாம்புக்குப் பனைக்கிளையும் கொடியும் எடுத்துப் போகச் சொன்னவளும், குளவிகளுக்குக் குடுக்கை நிறையத் தண்ணீர் சொன்னவளும் மனைவி அசோ. சாதுரியத்துக்குப் பெயர்போனவனின் வெற்றிகளிலேயே பாதி யோசனை அடுத்தவருடையது. கதைக் குடும்பம் முழுக்க இது ஓடுகிறது. அதைப் பிரசங்கமாக ஆக்க வேண்டிய தேவையே இல்லை.

அறவழி:
கோலும் பழமொழியும் புதிய செய்தி, ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் கோபித்து எறிந்ததோடு விட்டுவிட்டால், எறிவது சரி என்று பிள்ளைகள் எடுத்துக்கொள்ள மாட்டார்களா?

களரி:
எறிந்த பிறகு அனன்சேயை உச்சியிலேயே விட்டுவிடுங்க சார். கீழே எல்லோரும் பொறுக்குகிறார்கள், அவன் கை காலியாக மரத்தைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்கிறான். அந்த நிலையை நடித்துக் காட்டினால் யாரும் அவன் இடத்தில் இருக்க ஆசைப்பட மாட்டார்கள்.

மத்தளம்:
பாட்டு பற்றி யாரும் பேசவில்லையே. அனன்சே கதை சொல்லும் இடத்தில் ம்மோகுவோ என்று ஒன்று உண்டு. கதை நடுவில் வரும் பாட்டு. கதைசொல்லியும் எடுக்கலாம், கேட்பவர்களில் ஒருவர் கதையை நிறுத்திவிட்டும் எடுக்கலாம், சபை கைதட்டிப் பின்பாட்டுப் பாடும். கானா நாடக ஆசிரியர் எஃபுவா சதர்லாண்ட் 1975இல் வெளியிட்ட தம் அனன்சே நாடகத்திலும் இதை அப்படியே பயன்படுத்தினார். இது இல்லாமல் சொன்னால் பாதிக் கதைதான்.

தமிழில் செய்யும்போது ஒரு வேண்டுகோள்: "ஜிங்கா லாலா" மாதிரி அர்த்தமில்லாத சத்தங்களை ஆப்பிரிக்க மொழி என்று பாட வைக்காதீர்கள். அது அந்த மக்களைக் கேலி செய்வது. நல்ல தமிழில் இரண்டே வரி போதும், கைத்தட்டு இரண்டு எண்ணிக்கை.

கூட்டி அள்ளும் இடத்தில்:
நீங்கள்: குடுக்கை நிறைஞ்சாச்சா?
பிள்ளைகள்: இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்!

ஏறும் இடத்தில்:
நீங்கள்: ஏறு அனன்சே, ஏறு!
பிள்ளைகள்: வயிறு முட்டுதே, வயிறு முட்டுதே!

கதை தொடங்கும் முன்பே இரண்டையும் ஒரு தடவை சொல்லிக்கொடுத்துவிடுங்க. நடுவில் கற்றுக்கொடுத்தால் கதை அறுந்துவிடும். சிதறும் இடத்தில் பாட்டு கூடாது, அங்கே வேகம்தான் முக்கியம்.

வேர்க்கடலை:
"வயிறு முட்டுதே" என்று அவர்களே பாடினால், மகன் சொல்வதற்கு முன்பே "முதுகுல கட்டு"ன்னு கத்திடுவாங்களே?

மத்தளம்:
கத்தட்டும். அதுதான் நமக்கு வேண்டும். அனன்சே குரலிலேயே அவர்களையும் அதட்டுங்க: "உலகத்து ஞானம் எல்லாம் இங்கே இருக்கு, நீங்க எனக்குச் சொல்றீங்களா?" அப்போது 25 பேரும் ந்திக்குமா ஆகிவிடுவார்கள். செய்யக் கூடாதது ஒன்றுதான்: "ஷ், கதை சொல்லும்போது பேசாதே" என்று கதைசொல்லியாக அடக்குவது. சரியான யோசனையைச் சொன்ன பிள்ளையின் வாயை நீங்களே அடைத்ததாகிவிடும்.

தூரதேசம்:
சின்ன இணைப்பு. அடிமைக் கப்பல்களில் கொண்டுபோகப்பட்டவர்களோடு இந்தக் கதைகளும் கரீபியனுக்குப் போயின. ஜமைக்காவில் அனன்சி, கூடவே டக்கூமா என்றொரு பாத்திரம், அது நம் ந்திக்குமாதான். குராசாவோ தீவில் நான்சி. பிள்ளைகள் கேட்டால் மட்டும் சொல்லுங்க, கதைக்குள் திணிக்க வேண்டாம்.

பெயர்: க்வாக்கு அனன்சே. க்வாக்கு என்றால் புதன்கிழமை பிறந்த ஆண். ஐ.நா. பொதுச் செயலாளராக இருந்த கோஃபி அன்னான் பெயரில் உள்ள கோஃபி வெள்ளிக்கிழமை, கானாவின் முதல் அதிபர் க்வாமே ந்க்ருமாவின் க்வாமே சனிக்கிழமை.

பனையோலை:
எல்லோருக்கும் நன்றி. இப்படி அடுக்கியிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.

வரைபடம், பெயர்கள், இரண்டு பாட்டும் சொல்லிக்கொடுத்தல்: 4 நிமிடம். ஞானத்தைக் கூட்டி அள்ளுதல்: 3. ஏறுதல், மகன், திட்டு, மறுபடி தோல்வி, மௌனம், முதுகுக்குத் திருப்புதல்: 6. உச்சி, எறிதல்: 2. பொறுக்குதல்: 3. மீதி 2 நிமிடம் கைவசம்.

சிதறுவதற்கு இலவம்பஞ்சு போடலாமா? சில வடிவங்களில் மரமே இலவ மரம்தான் என்று படித்தேன்.

சுரைக்கொடி:
பஞ்சு வேண்டாம்மா. மூடிய அறையில் பறந்தால் இழுப்பு உள்ள பிள்ளைகளுக்கு ஆகாது. மடித்த காகிதத்துண்டு போடுங்க, ஒவ்வொன்றிலும் ஒரு விடுகதை. 25 பேருக்கு 40 துண்டாவது இருக்கணும். எண்ணி 25 போட்டால் முன்வரிசை இரண்டிரண்டாக அள்ளிவிடும், பின்வரிசை வெறுங்கையோடு நிற்கும். குடுக்கையின் வாய் அகலமாக இல்லாவிட்டால் காகிதம் உள்ளேயே சிக்கும், வீட்டில் நாலு தடவை கொட்டிப் பாருங்க. குடுக்கையைப் பிள்ளைகள் பக்கம் எறியாதீங்க. கயிற்றைப் பிடித்தபடி கவிழ்த்து, வெறும் குடுக்கையை உங்கள் பின்னால் விடுங்க.

நூலடுக்கு:
நேரம் சரியாக இருக்கிறது. இரண்டு சேர்க்கை. அசாந்தே வழக்கத்தில் இந்தக் கதைகளை இருட்டிய பிறகுதான் சொல்வார்கள் என்று ரேட்ரே பதிவு செய்திருக்கிறார். பகல் நிகழ்ச்சி என்றால் திரைச்சீலையையாவது இழுத்துவிடுங்கள். தொடக்கத்தில், தாங்கள் சொல்லப்போவது மெய் என்று சொல்லவில்லை, சொல்லவில்லை என்று கதைசொல்லி அறிவிப்பது மரபு. முடிவிலும் நீதி கிடையாது. நான் சொன்ன கதை இனித்தாலும் இனிக்காவிட்டாலும் கொஞ்சம் கொண்டுபோங்கள், கொஞ்சம் எனக்குத் திரும்பி வரட்டும் என்ற பொருளில் முடிப்பார்கள். உங்கள் நான்காவது கேள்விக்கு இதுவே விடை. அந்த முட்டாள் வரியை மட்டும் விட்டுவிடுங்கள். பெரியவர்கள் சபையில் அது கேலி, 8 வயதுக்காரன் கையில் துண்டு கிடைக்காமல் நிற்கும்போது அது வேறு மாதிரி விழும்.

பனையோலை:
சரி, அந்த வரியை எடுத்துவிட்டேன். தொடக்க அறிவிப்பைச் சேர்த்தால் அரை நிமிடம் கூடுகிறது, கைவசம் வைத்த 2 நிமிடத்தில் கழித்துக்கொள்கிறேன். விடுகதைகள் 40 எழுதணும். எளிதானவை பாதி, யோசிக்க வேண்டியவை பாதி என்று வைக்கலாமா?

களரி:
வைங்க அக்கா. விடையைத் துண்டிலேயே எழுதிடாதீங்க. 40 விடையையும் தனித்தாளில் எழுதி வெவ்வேறு பிள்ளைகள் கையில் கொடுங்க, விடை வேண்டுமென்றால் இன்னொருத்தரிடம் போய்க் கேட்கட்டும்.